தக்காளி நியாயம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். முன்கை பார்த்தாலே தெரிகிற மாதிரி வளைந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலில் பிள்ளையார், மேலே சிவப்பு விளக்கில் ‘24 மணி நேர அவசர சிகிச்சை’. உங்கள் ஏரியாவிலும் இப்படி ஒன்று இருக்கும்.

உள்ளே போனதும் முதலில் வரவேற்றது ஒரு கம்ப்யூட்டர். அதன் பின்னால் ஒரு பெண். “பேஷன்ட் பேரு? வயசு? இன்ஷூரன்ஸ் இருக்கா? இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?” நாலு கேள்வி. நாலில் ஒன்றுகூடக் கையைப் பற்றி இல்லை. பிரின்டர் ஒரு சீட்டைத் துப்பியது. டோக்கன் நம்பர் 9.

“உக்காருங்க சார், கூப்பிடுவாங்க.”

உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் காய்ச்சல் குழந்தை ஒன்று, விரலில் கத்தி வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த ஒரு குடும்பம். எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மஞ்சள் பை. பெரியவர் சத்தமே போடவில்லை. நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் டோக்கன் நம்பர் 6.

அரை மணி நேரம் போயிற்று. பையன் அழுகிறான். கூப்பிடுகிற வழியைக் காணோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. கவுன்டரில் போய்க் கத்தினேன். அங்கே வேலைக்கு ஆகவில்லை என்றதும், பத்திரிகைக்காரன் செய்வதைச் செய்தேன். போனை எடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பி.ஆர்.ஓ. நம்பர் என்னிடம் இருந்தது. ஐந்தே நிமிடம். “சார், நீங்க உள்ள வாங்க.” பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பையன் கைக்கு அட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே தடால் என்று சத்தம். நாற்காலி சரிந்த சத்தம். அப்புறம் அந்த அம்மாவின் குரல். டியூட்டி டாக்டர் என் பையன் கையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. மார்பை அழுத்தினார்கள். திரை இழுத்தார்கள். இருபது நிமிடம் கழித்துப் பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மஞ்சள் பையோடு அந்த அம்மா ஆம்புலன்ஸில் ஏறும்போது யாரிடமோ சொன்னார்: “வாயுன்னு சொன்னாருங்க. நானும் வாயுன்னுதான் எழுதச் சொன்னேன்.”

பெரியவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பி.ஆர்.ஓ. நம்பர்தான் இருக்கிறதே, கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பையன் கேட்டான். “அப்பா, அந்தத் தாத்தா நமக்கு முன்னாடி வந்தவர்தானே?”

* * *

ரொம்ப நாள் இதை என் குற்றம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசையை உடைத்தேன், ஒரு பெரியவரின் இடத்தைப் பறித்தேன் என்று. அப்புறம் நிதானமாக யோசித்தபோது வேறு ஒன்று புரிந்தது. நான் போன் செய்யாமல் யோக்கியமாக உட்கார்ந்திருந்தாலும் அவர் நம்பர் 6தான். அவருக்கு முன்னால் காய்ச்சல், விரல் வெட்டு, வயிற்று வலி எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த்தான் அவர் முறை வந்திருக்கும். நான் உடைத்த வரிசையே தப்பான வரிசை.

நான் பி.காம். படித்தவன். காலேஜில் சரக்கு மதிப்பீடு பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு முறைகளைச் சொல்வார்கள். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும் என்பது ஒன்று. கடைசியில் வந்தது முதலில் போகும் என்பது இன்னொன்று. சுருக்கமாக ஃபிஃபோ, லிஃபோ. பரீட்சையில் இந்த இரண்டுக்கும்தான் கணக்கு வரும். ஆனால் காய்கறிக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவர் இரண்டையும் பார்க்கமாட்டார். தக்காளிக் கூடையைக் கொட்டியதும் முதல் வேலை, பழுத்ததைத் தனியாக, செங்காயைத் தனியாகப் பிரிப்பது. எந்தக் கூடை முந்தி வந்தது என்பது கணக்கில்லை. எது முதலில் கெட்டுப்போகுமோ அது முன்னால் வரும். மெடிக்கல் ஷாப்பிலும் அதே கதைதான். எக்ஸ்பைரி தேதி கிட்டத்தில் இருக்கும் அட்டை அலமாரியில் முன்னால் இருக்கும்.

தக்காளிக்கும் மாத்திரைக்கும் இருக்கும் இந்த நியாயம் அந்தப் பெரியவருக்கு இல்லை. அவருக்கு ரேஷன் கடை நியாயம். டோக்கன் நம்பர் 6.

இந்தத் தக்காளி நியாயத்துக்கு மருத்துவ உலகத்தில் ட்ரியாஜ் என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. பிரித்தெடுத்தல், தரம் பிரித்தல் என்று அர்த்தம். காப்பிக்கொட்டையையும் கம்பளி ரோமத்தையும் தரம் பிரிக்கச் சொன்ன வார்த்தைதான் ஆஸ்பத்திரிக்குள் வந்தது. இதைப் போர்க்களத்தில் முறையாகச் செய்தவர் என்று நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே பெயரைச் சொல்வார்கள். காயம்பட்டவர் ஜெனரலா, சிப்பாயா என்று பார்க்காதே. யாருக்குக் காயம் மோசமோ அவரை முதலில் பார் என்பது அவர் கட்டளை. இருநூறு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் நம் ஊரில் ஜெனரலுக்குத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அந்த ஜெனரலுக்குத் தெரிந்தவன் நான்தான்.

ட்ரியாஜுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் வாசலில் நின்றால் போதும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, உடம்புச் சூடு, விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன். கொரோனா காலத்தில் நம் வீடுகளிலேயே வாங்கி வைத்திருந்தோமே, அந்தக் கிளிப்தான். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிட வேலை. பிறகு கண்ணால் ஒரு பார்வை. வியர்க்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா?

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால், ஆள் வாசலில் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அதுவும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, வயதானவர்களுக்கு, பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று அவசியம் இல்லை. ஏப்பம், வியர்வை, தோள் வலி, வெறும் அசதி என்றுகூட வரும். நம் வீடுகளில் அதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான். வாயு.

அந்த வாயுவை கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அப்படியே டைப் அடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு பில் போடத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எமர்ஜென்சியின் வாசலில் பில் போடுகிறவரை உட்கார வைத்தார்களே, அவர்கள் மேல்தான் தப்பு.

* * *

‘அப்ப ஜி.எச். மட்டும் என்ன வாழுதாம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மையைச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பல தனியார் நர்ஸிங் ஹோம்களைவிட முன்னால் இருக்கின்றன. 2008ல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடிபட்டவர்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காட்சிகளைப் பார்த்தவன் நான். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ‘ஜீரோ டிலே வார்டு’ என்றே ஒன்று வந்தது. தாமதமே இல்லாத வார்டு என்று பெயர் வைப்பதற்கே ஒரு தைரியம் வேண்டும். 2010களின் பிற்பகுதியில் மாநில அரசு விபத்து, அவசர சிகிச்சைக்கென்று ‘தாய்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. வருகிறவர்களை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது அதில் முக்கியமான அம்சம். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்கும் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. அசல் தக்காளி நியாயம்.

அதிலும் ஒரு குறை உண்டு. பச்சைக்காரருக்கு, தான் பச்சை என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். தனக்குப் பின்னால் வந்தவர் தனக்கு முன்னால் உள்ளே போகிறார். “அவங்க ஆளு உள்ள இருக்காங்க போல” என்று முணுமுணுக்கிறார். முணுமுணுப்பு கொஞ்ச நேரத்தில் சத்தமாகிறது. அப்புறம் கண்ணாடி உடைகிறது. ஹவுஸ் சர்ஜன் சட்டையைப் பிடிக்கிறார்கள். பல இடங்களில் அந்த ஹவுஸ் சர்ஜன் முந்தின நாள் ராத்திரியிலிருந்து தூங்காமல் நிற்கிற இருபத்திமூன்று வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் வன்முறை செய்கிறவர்களைத் தண்டிக்க 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாயிற்று. போடட்டும், வேண்டியதுதான். ஆனால் “ஐயா, உங்களுக்கு உயிருக்கு ஆபத்து இல்லை, அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறோம், ஒரு மணி நேரம் ஆகலாம்” என்று ஒரு வாக்கியம் சொல்வதற்குச் சட்டம் எதற்கு? அந்த வாக்கியத்துக்கு மருந்துச் செலவு கிடையாது.

* * *

காசுதான் பிரச்னை, காசு வாங்காத நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கனடா கதை.

2008 செப்டம்பர். வின்னிபெக் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. பிரையன் சின்க்ளேர், 45 வயது, அந்த நாட்டின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். இரண்டு காலும் இல்லாதவர். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் ஒரு கிளினிக்கிலிருந்து கடிதத்தோடு எமர்ஜென்சிக்கு அனுப்பப்பட்டார். வந்தார், வாசலில் இருந்த ஊழியரிடம் பேசினார், சக்கர நாற்காலியில் காத்திருந்தார். 34 மணி நேரம். அதற்குள் வாந்தி எடுத்தார். காத்திருந்த மற்றவர்கள் ஊழியர்களிடம் போய்ச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. அவர் பெயர் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. குடித்துவிட்டுக் கிடக்கிறார், இல்லாவிட்டால் குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று ஊழியர்கள் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் போய்ப் பார்த்தபோது அவர் இறந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. குழாயை மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கக்கூடிய தொற்று. இதையெல்லாம் விசாரித்து 2014 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள்.

அங்கே கவுன்டரில் யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. ட்ரியாஜ் இருந்தது. நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் உட்கார்ந்திருந்தவரை யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. வந்தபோது பச்சையாக இருப்பவர் ஒரு மணி நேரத்தில் சிவப்பாகலாம். செங்காய் ராத்திரியில் பழுப்பதில்லையா? தக்காளிக்காரர் காலையில் கூடையை மறுபடி கிளறிப் பார்க்கிறார். காத்திருப்போர் அறையை யாராவது கிளறிப் பார்க்கிறார்களா?

‘அதெல்லாம் சரி, ஒரு டைம் லிமிட் வைத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடுமே’ என்பீர்கள். இங்கிலாந்தில் வைத்தார்கள். எமர்ஜென்சிக்கு வருகிறவர்களை நாலு மணி நேரத்துக்குள் பார்த்து, வீட்டுக்கு அனுப்பவேண்டும் அல்லது வார்டில் சேர்க்கவேண்டும். 2004ல் நூற்றுக்கு 98 பேருக்கு இது நடக்கவேண்டும் என்றார்கள். 2010ல் 95 என்று குறைத்தார்கள். ஆரம்பத்தில் நிஜமாகவே நல்லது நடந்தது. ராத்திரி முழுக்க டிராலியில் கிடந்தவர்களுக்குப் படுக்கை கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பது காமர்ஸ்காரனுக்குத் தெரியும். மார்ச் 31க்கு முந்தின வாரம் கம்பெனிகள் கணக்குப் புத்தகத்துக்குப் பவுடர் பூசும். விண்டோ டிரெஸ்ஸிங் என்று பாடப்புத்தகத்திலேயே ஒரு பத்தி உண்டு. இங்கிலாந்திலும் அது நடந்தது. மூன்றே முக்கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, நாலு மணி அடிக்கும் முன் அவசர அவசரமாக வார்டுக்குத் தள்ளிவிடுவது. புள்ளிவிவர வரைபடத்தில் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் ஒரு மலை எழும்பி நிற்கும். ஸ்டாஃபோர்ட் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் இது விபரீதமாகவே முடிந்தது. எமர்ஜென்சியில் ஆள் பற்றாக்குறை. வருகிறவர்களின் நிலைமையை முதலில் கணித்தது மருத்துவப் பயிற்சி இல்லாத ரிசப்ஷனிஸ்ட்கள். நாலு மணிக் கெடுவைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ்கள் மேல் நெருக்கடி. 2009லும் 2013லும் வந்த விசாரணை அறிக்கைகளைப் படித்து அந்த நாடே தலைகுனிந்தது. நாலு மணி 95 சதவிகிதம் என்ற இலக்கை இங்கிலாந்து மொத்தமாகக் கடைசியாகத் தொட்டது 2015 ஜூலையில். அப்புறம் 2024 மார்ச்சுக்குள் 76 சதவிகிதமாவது எட்டுங்கள் என்று இறங்கி வந்தார்கள்.

ஏன் எட்டமுடியவில்லை? டாக்டர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? இல்லை. உங்கள் சமையலறை ஸிங்க்கில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அடைப்பு கீழே. எமர்ஜென்சியும் அப்படித்தான். பார்த்து முடித்தவரை அனுப்ப மேலே வார்டில் படுக்கை காலி இல்லை. வார்டில் குணமானவரை அனுப்பக் கையெழுத்துப் போடவேண்டிய பெரிய டாக்டர் சாயங்காலம்தான் ரவுண்ட்ஸ் வருவார். நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அப்ரூவல் வருகிறவரை, குணமானவர் வேட்டி மாற்றிக்கொண்டு பையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கீழே எமர்ஜென்சியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் நேரம்.

* * *

நம் நாட்டில் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது.

அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ‘போலீஸ் கேஸ்’ என்று தொடமறுத்து, 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. வழியிலேயே அவர் இறந்துபோனார். இதைப் பேப்பரில் படித்த பரமானந்த் கட்டாரா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989ல் தீர்ப்பு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பாற்றுவது முதல் கடமை, போலீஸும் பேப்பரும் அப்புறம்தான் என்றது கோர்ட்.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கிம் ஷேக் என்ற கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் காயம். ஒரே ராத்திரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு ஆஸ்பத்திரிகள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று எல்லாரும் கைவிரித்தார்கள். கடைசியில் தனியாரிடம் போய்ச் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் அனுப்பியது வாழும் உரிமையை மீறியது என்று சொல்லி 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

காசுக்கும் வழி செய்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்றது. 2025 மே மாதம் மத்திய அரசு, நாடு முழுக்க விபத்தில் சிக்கியவர்களுக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாத சிகிச்சை என்று அறிவித்தது. கைதட்டவேண்டிய விஷயங்கள்.

ஆனால் கவனியுங்கள். இந்தச் சட்டங்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசல்படி வரைதான் வருகின்றன. ‘திருப்பி அனுப்பாதே’ என்கின்றன. அந்தப் பெரியவரை யாரும் திருப்பி அனுப்பவில்லையே! மரியாதையாக உள்ளே விட்டார்கள், ஏ.சி.யில் உட்கார வைத்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பியிருந்தால் வேறு இடத்துக்காவது போயிருப்பார். உட்கார வைத்து மறந்துபோவதும் ஒருவகைத் திருப்பி அனுப்புதல்தான் என்பது என் கட்சி. அதைக் கேட்க நம்மிடம் ஒரு கணக்குக்கூட இல்லை.

கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிசல்ட் வெளியிடுகின்றன. அதில் ஒரு எண் தவறாமல் இருக்கும். நோயாளி இருக்கும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்குச் சராசரி வருமானம் எவ்வளவு என்ற எண். போன வருடத்தைவிட ஏறினால் பங்கு விலையும் ஏறும். ரூபாய் சுத்தமாக இதைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, எமர்ஜென்சிக்கு வந்தவரை ஒரு நர்ஸோ டாக்டரோ தொட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கணக்கிடத் தெரியாதா? நான் புரட்டிய அறிக்கைகளில் அந்த எண்ணைப் பார்த்ததில்லை.

* * *

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம்.

2004ல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வந்தபோது, உயிர் போகிறவனிடம் ஃபாரம் நிரப்பச் சொல்லலாமா என்று கமல் கேட்கும் கேள்விக்குத் தியேட்டரில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கப்புறம் நாம் எல்லோரும் ஆளுக்கொரு வசூல்ராஜாவாகிவிட்டோம். ஒரு நோயாளிக்கு எட்டுப் பேர் கூட வருகிறோம். கவுன்சிலருக்கு, போலீஸுக்கு, என்னைப் போன்ற பத்திரிகைக்காரனுக்கு போன் போடுகிறோம். மேஜையைத் தட்டுகிறோம். சத்தம் போடுகிறவருக்கு வேலை நடக்கிறது. ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சத்தம் போட முடிகிறவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே மோசமாக இருப்பவர் சத்தமே போடமாட்டார். அந்தப் பெரியவர் போடவில்லை.

அரசும் ஆஸ்பத்திரிகளும் செய்யவேண்டியதாக நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, எமர்ஜென்சியின் முதல் முகம் பில்லிங் கவுன்டராக இருக்கக் கூடாது. ட்ரியாஜ் பயிற்சி பெற்ற நர்ஸாக இருக்கவேண்டும். அவசர மருத்துவத்தைத் தனிப் பட்டமேற்படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்ததே 2009ல்தான். அதனால் ஊருக்கு ஊர் ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்று இப்போதே கேட்கவில்லை. ஒரு நர்ஸைக் கேட்கிறேன்.

இரண்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்றால் என்ன, பச்சைக்காரர் இப்போது சுமார் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று தமிழில் ஒரு போர்டு. பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

மூன்று, காத்திருக்கிறவர்களை அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் சுற்றிவந்து பார்க்கவேண்டும். “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டால் போதும். அந்தப் பெரியவர் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். யாராவது ஒருவர் கேட்டிருந்தால் வியர்வையைப் பார்த்திருப்பார்.

நாலு, மாதத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களை வாசலில் ஒட்டவேண்டும். முதல் பார்வைக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று? யாரும் பார்க்காமலே எழுந்துபோனவர்கள் எத்தனை பேர்? பவுடர் பூசுவார்கள்தான். பூசட்டும். எண்ணே இல்லாமல் இருப்பதற்குப் பவுடர் பூசிய எண் மேல். அதைத் தணிக்கை செய்துகொள்ளலாம். இல்லாத கணக்கை எப்படித் தணிக்கை செய்வது?

நாம் செய்யவேண்டியதும் உண்டு. கவுன்டரில் போய் ‘வாயு’, ‘பி.பி. மாதிரி’, ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் டாக்டர் இல்லை, வியாதிக்குப் பெயர் வைக்காதீர்கள். உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். ‘ஒரு மணி நேரமா வேர்த்துக் கொட்டுது. இடது தோள் வலிக்குது. சர்க்கரை இருக்கு.’ ‘வாய் கோணிப் போச்சு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னா...’ இந்த மணிக்கணக்கு ரொம்ப முக்கியம். பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசியை ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும்.

பையன் கை கூடிவிட்டது. இப்போது மறுபடி சைக்கிள் ஓட்டுகிறான். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் நான் மட்டும் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். அங்கே இப்போதும் கம்ப்யூட்டர்தான் முதலில் வரவேற்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

உங்களுக்கும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரும்படி ஆகலாம். அப்போது உங்கள் ஆளுக்காகப் போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பக்கத்து நாற்காலிகளைப் பாருங்கள். யார் சத்தம் போடவில்லை, யார் துடைத்துக்கொண்டே இருக்கிறார், யார் தலை சாய்கிறது என்று பாருங்கள். கத்தித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் அவருக்காகக் கத்துங்கள்.